சாமானுக்கு மூன்று, சகாயத்துக்கு நாலரை: எங்கள் ஒழுங்கை முனைக் கடை

உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றின் முனையில் இந்தக் கடை இருக்கிறது. பெயரைப் போடவில்லை. போட்டால் அக்கா ஏசுவார் என்பது ஒன்று. பலகையில் இருக்கிற பெயரைச் சொல்லி இங்கே யாரும் கடையைத் தேடுவதில்லை என்பது மற்றது. கடையக்கா வீடு என்றால் ஓட்டோக்காரருக்கு விளங்கும், அவ்வளவுதான். திருகோணமலைக்கு மாற்றலாகி வந்து, சொந்தபந்தம் இல்லாமல் வாடகை வீடு தேடுகிற சோடிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடு காட்டுகிற தரகர் கிணறு இருக்கிறது, தரைக்கு மாபிள் போட்டது, கடற்கரைக்கு ஐந்து நிமிடம் என்று எல்லாம் சொல்வார். ஒழுங்கை முனையில் எப்படிப்பட்ட கடை இருக்கிறது என்று சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்கவேண்டும்.

நான் வடமராட்சி, பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். இவர் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடிப் பக்கம். சீனக்குடாவில் ஒரு ஆலையில் ஷிப்ட் வேலை. இரண்டு பேரின் வேலையும் ஒத்துவந்த ஊர் என்பதால் திருகோணமலை. மற்றபடி என் பக்கத்திலும் இவர் பக்கத்திலும் இங்கே ஒரு சனம் இல்லை. அம்மா வருவதென்றால் வவுனியா, ஹொரவப்பொத்தானை என்று பஸ்ஸில் ஒரு பகல் போய்விடும். மாமிக்கு முழங்கால் வருத்தம், பஸ் ஏறவே மாட்டார். வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் என்றால் இவர், இவருக்குக் காய்ச்சல் என்றால் நான். இரண்டு பேருக்கும் சேர்ந்து வந்தால் பனடோலும் பாணும்.

முதலில் சாமானைப் பார்ப்போம். அரிசி நல்லது. தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்து நாட்டரிசி வந்தால் உள்ளே ஒரு மூட்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல்வார். பருப்பும் சீனியும் மாவும் நகரத்துக் குளிரூட்டிய கடைகளை விடக் கிலோவுக்குப் பத்து இருபது ரூபா கூட. மரக்கறிக்குக் காலையிலேயே போகவேண்டும். பின்னேரம் போனால் வாடிய பயற்றங்காயும் யாரும் தொடாத பீட்ரூட்டும்தான். பாண் காலையில் ஒருக்கா, பின்னேரம் நாலரைக்கு ஒருக்கா வரும். பின்னேரப் பாண் சூடாக இருக்கும். பிஸ்கட் பக்கெட்டுக்குத் திகதி பார்த்து வாங்குங்கள். அக்கா தெரிந்துகொண்டு பழையதைத் தருகிறவர் இல்லை, ஆனால் கண்ணாடி போடச் சொன்னால் கேட்கமாட்டார். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். வெளியே தகரத் தாழ்வாரம், அதன் கீழ் நீளமான ஒரு வாங்கு. சாமானுக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் ஐந்தில் மூன்று, அதற்கு மேல் இல்லை.

"கடன் அன்பை முறிக்கும்" என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, லாச்சிக்குப் பக்கத்தில், கடன் கொப்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். எங்கள் பக்கத்தின் தலைப்பு "மட்டக்களப்புத் தம்பி வீடு". 25ஆம் திகதி என் சம்பளம் விழுந்ததும் பெரும்பாலும் நான்தான் போய்க் கணக்கைத் தீர்க்கிறேன், ஆனால் தலைப்பில் தம்பிதான். சரி, அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இனிக் கடையின் மற்ற வியாபாரம். வெற்றிலைத் தட்டுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறது. அந்த ஆணிகளில் ஒழுங்கையின் பாதி வீட்டுத் திறப்புகள் தொங்குகின்றன. இவர் காலை ஷிப்டுக்கு இறங்கும்போது கொழுவிவிட்டுப் போவார், பிள்ளையை முன்பள்ளியால் கூட்டிவருகிற ஓட்டோ அண்ணா எடுத்துத் திறந்து பையை உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கடையில் விடுவார். நான் வேலையால் வரும்வரை பிள்ளை அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்து படம் கீறிக்கொண்டிருக்கும். கூரியர்காரர் வீடு பூட்டியிருந்தால் எங்களுக்கு எடுக்கமாட்டார், நேரே அக்காவுக்குத்தான் எடுப்பார். மரண உதவிச் சங்கத்தின் மாதச் சந்தா சேருவதும் அங்கேதான். கிளினிக் திகதி மாறினால் குடும்பநல உத்தியோகத்தர் சொல்லிவிட்டுப் போவதும் அங்கேதான். இவருக்கு இரவு ஷிப்ட் என்றால் அக்காவின் மகள் புத்தகக் கட்டோடு எங்கள் வீட்டுக்குப் படுக்க வருவாள். அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வரை அவளுக்கு நான் புவியியல் பார்த்துக் கொடுப்பேன், பிறகு இரண்டு பேரும் நாடகம் பார்ப்போம்.

இதெல்லாம் இலவசம் என்று நினைத்து வராதீர்கள். கொப்பியில் எழுதாத கணக்கு ஒன்று அதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. 2023இல் அரசாங்க உதவிப்பணமான சமுர்த்தி போய் அஸ்வெசும வந்தபோது, பெயர் விடுபட்ட வீடுகள் எல்லாம் மேன்முறையீட்டுக்கு அலைந்தன. அந்த நாட்களில் பின்னேரம் கடை வாங்கில் என்னை இருத்திவிட்டு அக்கா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "இவ எங்கட கந்தோர்ப் பிள்ளை, வடிவா நிரப்பித் தருவா." நான் வருவேனா என்று என்னை யாரும் கேட்கவில்லை. பால் தேத்தண்ணியும் பணிசும் வந்தது. நிரப்பினேன். இன்றைக்கும் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். இவரிடம் தண்ணி மோட்டர் திருத்த வருகிறார்கள்.

நான் நாலரை போடுவதற்குக் காரணம் இரண்டு வருடங்கள்.

மகள் பிறந்தது 2021 ஜூன் தொடக்கத்தில். நாடு முழுக்கப் பயணத்தடை, அது ஜூன் 21 வரை நீண்டது. அதற்குப் பிறகும் மாகாணம் விட்டு மாகாணம் போக விடவில்லை. அம்மா பருத்தித்துறையில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூளை வறுத்து இடித்துப் போத்தலில் அடைத்துவிட்டு, கொண்டுவர வழியில்லாமல் போனில் அழுதார். எனக்கு அரச வேலை என்பதால் சம்பளத்தோடு 84 வேலைநாள் பிரசவ லீவு. தகப்பன் அரச ஊழியர் என்றால் அவருக்கு 3 நாள். இவர் தனியார். தனியார் தகப்பனுக்குச் சட்டத்தில் அந்த மூன்றும் இல்லை. வருடாந்த லீவில் ஒரு கிழமை எடுத்தார், அது முடிந்ததும் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியால் வந்த அன்று பின்னேரம் மதிலுக்கு மேலால் ஒரு தூக்குச்சட்டி வந்தது. பின்னால் அக்காவின் தலை. சரக்குக் கறி. செத்தல் மிளகாய் இல்லை, புளி இல்லை. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி. ஒரு வாய் வைத்ததும் எனக்கு அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: அக்கா இவரிடம் அம்மாவின் நம்பரை வாங்கி, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அம்மா சொல்லச் சொல்ல அளந்திருக்கிறார். மல்லி எத்தனை சுண்டு, மிளகு எத்தனை, வேர்க்கொம்பு எவ்வளவு நீளம். கடைக்கு வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டு, எங்கட பக்கம் இவ்வளவு மிளகு போடுறேல்ல என்று அம்மாவோடு வாதாடியிருக்கிறார்கள். பாற்சுறா கிடைத்த நாளில் வறை வந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட நாலாம் வீட்டு மாமி வந்தார். கால்களை நீட்டி, பிள்ளையை அதில் கிடத்தி, மூக்குப் பிடித்து, தலை பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணி காதுக்குள் போகாமல் குளிப்பாட்டித் துடைத்துச் சாம்பிராணி காட்டித் தருவார். காசு வாங்கமாட்டார். மாதக் கடைசியில் கொப்பியைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வரி: "மாமிக்கு வெற்றிலை பாக்கு." அக்காவே தீர்மானித்து எங்கள் கணக்கில் எழுதியிருந்தார். நியாயமான வரி.

அடுத்த வருடம் 2022. மார்ச் கடைசியில் கரண்ட் நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காஸ் இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. அக்கா ஒரு மட்டையில் எழுதினார்: எந்த வீட்டில் சிலிண்டர் எவ்வளவு மிச்சம், எந்த வளவில் விறகு இருக்கிறது, எங்கே கைக்குழந்தை, எங்கே படுக்கையில் கிழவர். காஸ் மிச்சமிருந்த வீடுகளில் குழந்தைகளின் பாலும் போத்தலும் கொதித்தன. விறகு இருந்த வீடுகளில் பெரிய பானையில் சோறு. வந்த பால்மாப் பக்கெட்டுகளைக் கடை வாசலில் வைக்கவில்லை, குழந்தை இருக்கிற வீடுகளுக்குக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார், குறித்த விலைக்கு. எங்கள் வீட்டுக்கும் வந்தது. கறுப்பில் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். ஜூலைக்குப் பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் வந்து மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானபோது, சீனக்குடாவுக்கு வேலைக்குப் போகிற ஆண்கள் வாங்கில் இருந்து ஒரு முறை போட்டார்கள்: இந்தக் கிழமை உன்னுடைய சைக்கிள், அடுத்த கிழமை என்னுடையது, ஷிப்ட் ஒத்துவராத நாளில் பஸ். அந்த ஆண்களில் இரண்டு பேர் இன்றைக்கும் இவருக்குக் கூட்டாளிகள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோட்டை வாசலில் மான் பார்க்கப் போகிறார்கள்.

வட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்லவேண்டும். அதுவும் கடையின் பாகம்தான். 2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டபோது சாமான் ஓடர் எடுக்க அக்காவின் மகள் தொடங்கியது. ஊரடங்கு போனது, குழு போகவில்லை. காலையில் திறந்தால் தண்ணி வருகிறதா, கரண்ட் உங்களுக்கும் போய்விட்டதா, மீன்காரர் எந்த வீட்டடியில் நிற்கிறார், நாளைக்கு முன்பள்ளி லீவா, யாரிடம் ஓ நெகட்டிவ் இரத்தம் இருக்கிறது. பெரும்பாலும் வொய்ஸ். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்காக அப்படித் தொடங்கி, இப்போது அதனால் இன்னொரு நன்மை. ஒழுங்கையில் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது, கணவர் கடற்படை. மனைவிக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், கதைப்பார், வாசிக்க வராது. எழுத்தில் போயிருந்தால் அவர் வெளியே நின்றிருப்பார். கிண்ணியாவிலிருந்து மரக்கறி கொண்டுவருகிற நானாவும் குழுவில் இருக்கிறார். பாலம் 2009இல் திறக்கும்வரை பாதையில், அதாவது மிதவையில், கடந்து வந்து வியாபாரம் செய்தவர். இப்போது கத்தரிக்காய்க் கூடையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் மோட்டார்சைக்கிளை எடுக்கிறார். விடியற்காலையில் பூப்படம் போட்டு வாழ்த்து அனுப்புகிறவர்களும் உண்டு. அதற்கு மருந்தில்லை.

இனிக் குறை. ஒன்று பெரியது, மற்றவை சில்லறை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எலிசபெத் பொட் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்தோம். லண்டனில் 20 குடும்பங்களை ஆராய்ந்து 1957இல் புத்தகமாக்கியவர். ஒரு சோடிக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குள்ளும் தெரிந்தவர்களாக நெருங்கி இருந்தால், அந்த வீட்டில் ஆண் வேலை வேறு, பெண் வேலை வேறு என்று பிரிந்து நிற்கும். தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் சிதறி இருந்தால், கணவனும் மனைவியும் ஒருவருக்கு ஒருவர் கைமாறிச் சேர்ந்து செய்வார்கள் என்பது அவர் வைத்த கருத்து. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோனேன். உப்புவெளியில் என் குசினிக்குள் அது நடக்கும் என்று நினைக்கவில்லை.

ஒழுங்கைக்கு வந்த புதிதில் இவர்தான் பிட்டு அவிப்பார். மட்டக்களப்பு ஆள், மாக் குழைக்கிற பதம் என்னைவிட நன்றாக வரும். நான் சம்பல் இடிப்பேன். உடுப்பு இரண்டு பேரும் தோய்ப்போம், மீன் வெட்டுவது இவர், ஏனென்றால் எனக்குச் செதில் கூச்சம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. கடை எங்களைத் தத்தெடுத்த பிறகு மெல்ல மெல்ல மாறியது. இவர் குசினியில் நிற்பதை ஜன்னலால் கண்ட ஒரு அன்ரி, "தம்பி ஏன் அடுப்படியில நிக்கிறார், நான் இடியப்பம் அனுப்புறன்" என்றார். அனுப்பினார், நல்ல இடியப்பம், சொதியோடு. அடுத்த கிழமை இன்னொரு வீட்டால் குரக்கன் பிட்டு. பிள்ளை பிறந்ததும் முழுதாகப் பெண்கள் கைக்குப் போனது. பிள்ளை அழுதால் மதிலுக்கு மேலால் ஒரு கை நீளும். இவர் கையில் பிள்ளை இருந்தாலும் அந்தக் கை பிள்ளையை வாங்கி என்னிடம் தரும். "தம்பி வேலையால வந்தவர், கொஞ்சம் காத்தாட இருக்கட்டும்." காற்றாட இருக்கிற இடம் வாங்கு. அங்கே ஆண்கள், கிரிக்கெட், அரசியல், கரைவலையில் என்ன பட்டது. நானும் வேலையால்தான் வந்தேன். உதவி முழுக்க என் பெயரில் வந்தது, குறைந்தது என்னவோ இவருடைய வேலை. நான் முந்தி எவ்வளவு செய்தேனோ அவ்வளவும் செய்துகொண்டுதான் இருந்தேன், அதோடு தூக்குச்சட்டிகளை யார் வீட்டுக்கு எதைப் போட்டுத் திருப்பி அனுப்புவது என்ற கணக்கும் சேர்ந்துவிட்டது. வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

குழுவும் அதே கதை. அந்தப் பொதுக் குழுவை விடப் பெண்கள் குழு ஒன்று, ஆண்களுக்கு வேறொன்று. பிள்ளைக்குக் காய்ச்சல், முன்பள்ளிக் கூட்டம், தடுப்பூசி எல்லாம் முதலாவதில். காஸ் லொறி, பெற்றோல், தேர்தல் இரண்டாவதில். இவரிடம் பிள்ளையின் முன்பள்ளி ஆசிரியையின் நம்பர் இல்லை, என்னிடம் காஸ் ஏஜென்டின் நம்பர் இல்லை.

இது வெளித்தது நான் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய்த் தங்கியிருந்தபோது. மகளுக்கு மூன்று வயது. இரவு காய்ச்சல் ஏறிவிட்டது. என் போன் சார்ஜில், நான் நித்திரை. மாலையிலேயே பெண்கள் குழுவில் மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், வாயில் கொப்புளம் பாருங்கள், எந்த டொக்டர் இரவில் பார்க்கிறார் என்று எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். இவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கடைக் கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா தலையை முடிந்துகொண்டு வந்து திறந்தார், பிள்ளையின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்தார், ஓட்டோ அண்ணாவுக்கு எடுத்தார், மூன்று பேருமாகப் போய் மருந்தெடுத்து விடிய வந்தார்கள். எனக்குக் காலையில் எட்டு மிஸ்ட் கோல்.

திரும்பி வந்ததும் அக்காவிடம் போய், இவரையும் பெண்கள் குழுவில் போடுங்கள் என்றேன். அக்கா சிரித்தார். "ஆம்பிளையள் வந்தா பொம்பிளையள் கதைக்கமாட்டினம் பிள்ளை." அதுவும் உண்மைதான், அந்தக் குழுவில் வேறு கதைகளும் நடக்கின்றன. அப்புறம் அவருடைய மகள்தான் வழி சொன்னாள்: பிள்ளைகளுக்கென்று தனியாக இன்னொன்று, அதில் தாயும் தகப்பனும் இரண்டு பேரும் கட்டாயம். தொடங்கிய கிழமை இவர் ஒருவர்தான் ஆண். கடற்படைக்காரர் அடுத்ததாக வந்தார். இப்போது பாதிப் பேர் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் வாய் திறப்பதில்லை. சனிக்கிழமைகளில் பிட்டு மறுபடி இவருடையது. அன்ரி இடியப்பம் அனுப்புவதை நிறுத்தவில்லை, ஆனால் நான் வாங்கி வைத்துக்கொண்டு இவரை அடுப்படியை விட்டு வெளியே விடுவதில்லை. கொப்பியில் தலைப்பு மட்டும் இன்னும் தம்பி வீடுதான். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கொப்பியில் மாற்றுவதாகச் சொல்கிறார், இந்தக் கொப்பியில் இன்னும் பக்கம் கிடக்கிறது.

சில்லறைக் குறைகளில் முதலாவது இரகசியம். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் இந்தக் கடைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாள் எனக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவர் வேலையால் வரும் வழியில் பாண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். நான் பின்னால் போய்ப் பாண் கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி இப்பதான் ஒரு றாத்தல் கொண்டு போறார். பாண் தரமாட்டன், வீட்ட போ." அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சரக்கு அளந்த காலத்திலிருந்து அக்காவும் அம்மாவும் கிழமைக்கு ஒருக்காவாவது கதைப்பார்கள். இரவு எட்டு மணிக்குப் பருத்தித்துறையிலிருந்து கோல்: "என்ன, ரெண்டு பேரும் கதைக்கிறேல்லையாம்?" இவர் சிரித்துவிட்டார், எனக்கு இரண்டு நாள் கோபம் ஆறவில்லை.

இரண்டாவது, தெரிந்த வட்டத்துக்குள்தான் எல்லாம். ஒழுங்கையின் அந்தத் தொங்கலில் கடற்கரை ஓட்டல்களில் வேலைக்கு வந்த மலையகப் பையன்கள் நாலைந்து பேர் ஒரு அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொப்பியில் பக்கம் இல்லை, காசு வைத்தால்தான் சாமான். அக்காவிடம் கேட்டால், இன்றைக்கு இருப்பாங்கள் நாளைக்குப் போவாங்கள் என்கிறார். குடும்பமாக, சோடியாக வருகிறவர்களுக்குத் திறக்கிற கதவு தனியாக வருகிறவர்களுக்கு அவ்வளவு சுகமாகத் திறப்பதில்லை.

சீட்டும் உண்டு. 26ஆம் திகதி, சம்பளம் எடுத்த மறுநாள். முதல் முறை அக்காவுக்கு, பிறகு குலுக்கல். அவசரம் என்றால் முறையை மாற்றி விடுவார்கள், நாங்கள் குளிரூட்டிப் பெட்டி வாங்கியது அப்படித்தான். ஆனால் கூட்டுப் பிணை வைத்துப் பெண்களுக்கு நுண்கடன் கொடுக்கிறவர்கள் வந்து கடை வாங்கில் கூட்டம் வைக்கக் கேட்டபோது விடவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டிவந்து, நல்லாயிருந்த அயல் வீடுகள் முகம் பார்க்காமல் போனதை அவர் கண்டிருக்கிறார். "அரிசிக் கடன் எவ்வளவும் வாங்கு, அந்தக் கடுதாசியில கையெழுத்து வைக்காத" என்று எனக்கும் சொன்னார், நான் கேட்காமலே.

போகிறவர்களுக்கு: காலை ஆறுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுவார்கள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை அக்கா படுப்பார். தட்டலாம், பாலுக்கோ பிள்ளை வருத்தத்துக்கோ என்றால் மட்டும். வெள்ளி பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார், அப்போது அவருடைய கணவர், அண்ணை, கடையில் இருப்பார், அவருக்கு ஒரு சாமானின் விலையும் தெரியாது, கொப்பியில் எழுதிவிட்டு வாருங்கள். புதிதாக வந்தவர்கள் முதல் மாதம் காசு கொடுத்தே வாங்குங்கள். எந்த ஊர், ஆரின்ட ஆக்கள், என்ன வேலை, பிள்ளை எப்போது என்று கேட்பார். ஊரையும் வேலையையும் சொல்லுங்கள், மற்றதுக்குச் சிரியுங்கள். போன் நம்பர் கேட்டால் இரண்டு பேருடையதையும் கொடுத்து, இரண்டையும் எழுதும்வரை நின்று பாருங்கள். மாரி தொடங்கினால் ஒழுங்கையில் தண்ணி நிற்கும், மோட்டார்சைக்கிளை வீதியிலேயே விட்டுவிட்டு நடக்கலாம். உழுந்து மட்டும் அங்கே வாங்கவேண்டாம், கல் கிடக்கும்.